ஈமானைச் சோதிக்கும் அரசு

ஒரு ராஜ்யம் தன்னை இஸ்லாமிய ராஜ்யம் என்று பிரகடனம் செய்துகொள்ளும்போது, அங்கே வாழும் அன்னிய மதத்தவரின் கதி என்னவாகும் என்பதைப் பற்றியே உலகம் பெரும்பாலும் கவலைப்படுகிறது. கவலை நியாயமானதுதான். ஆயினும் சரித்திரத்தைச் சற்று நிதானமாகப் புரட்டிப் பார்ப்பவர்களுக்கு, அத்தகைய ராஜ்யங்களை அதிகமாக அலைக்கழித்தது யூதரைப் பற்றியோ கிறிஸ்தவரைப் பற்றியோ எழுந்த பிரச்சினையன்று, ஒரே கிப்லாவை நோக்கித் தொழுகிறவர்களுக்குள் மெய்யான முஸ்லிம் எவர் என்ற வழக்கே என்பது புலப்படும். அன்னியனுக்கென்று மார்க்கச் சட்டம் ஓர் இடத்தை வகுத்து வைத்திருந்தது. ஜிஸியா வரியைச் செலுத்திவிட்டுத் தன் வழிபாட்டோடு அவன் வாழ்ந்துபோகலாம் என்ற அந்த விதி பாரபட்சமானதே எனினும், விதி என்ற ஒன்று இருந்தது. மார்க்கத்துக்குள்ளேயே இருந்துகொண்டு மாற்று அபிப்பிராயம் கூறுகிறவனுக்கோ அத்தகைய ஏற்பாடு ஏதும் இல்லை. அவன் உள்ளே இருப்பவன் என்றால் பெரும்பான்மையோர் நம்புவதையே அவனும் நம்பவேண்டும். வெளியே சென்றவன் என்றாலோ, மதத்தைத் துறந்தவனுக்குரிய தண்டனை அவன் தலைமேல் தொங்கும்.

வழக்கு மிகப் பழையது. 657இல் யூப்ரடீஸ் நதிக்கரையிலுள்ள சிப்பீன் என்னுமிடத்தில் கலீபா அலீ அவர்களுக்கும் சிரியாவின் ஆளுநராயிருந்த முஆவியாவுக்கும் மூண்ட போர், இரு தரப்பும் மத்தியஸ்தர்களை நியமிப்பது என்ற உடன்பாட்டில் வந்து நின்றபோது, அலீயின் சேனையிலிருந்தே ஒரு கூட்டம் வெகுண்டு பிரிந்தது. தீர்ப்பு இறைவன் ஒருவனுக்கே உரியது, அதை மனிதர் கையில் ஒப்படைத்தது மகாபாவம், பெரும்பாவம் செய்தவன் முஸ்லிமாக நீடிக்கமாட்டான் என்பது அவர்கள் வாதம். காரிஜிய்யாக்கள் என்று சரித்திரம் அவர்களைக் குறிக்கிறது. இரவெல்லாம் தொழுது நெற்றி தழும்பேறிய பக்தர்கள் அவர்கள் என்பதை அவர்களுடைய பகைவர்களும் மறுக்கவில்லை. அந்தப் பக்தியின் தர்க்கம், நபிகள் நாயகத்தின் மருமகனையே காபிர் என்று தீர்மானித்து, 661இல் கூஃபா நகரத்துப் பள்ளிவாசலில் அவர்களுள் ஒருவனுடைய வாள் அவர்மீது இறங்குவதில் முடிந்தது.

அந்த இரத்தத்தைக் கண்ட தலைமுறையிலிருந்தும் அடுத்து வந்த தலைமுறையிலிருந்தும் முர்ஜிஆக்கள் எனப்பட்ட வேறொரு சாரார் தோன்றினார்கள். பாவம் செய்த முஸ்லிம் முஸ்லிம்தானா என்ற கேள்விக்கு மனிதர் விடை கூறலாகாது, அந்தத் தீர்ப்பை மறுமை நாளில் இறைவனே வழங்கட்டும் என்று அவர்கள் கூறினார்கள். கொடுங்கோல் மன்னனுக்கும் இந்தச் சித்தாந்தம் நிழல் கொடுத்தது என்ற ஆக்ஷேபம் அன்றே எழுந்தது. அது முற்றிலும் பொய்யன்று. எனினும் இதன் சாரமான பகுதி, கிப்லாவை நோக்கித் தொழுபவர் எவரையும் அவர் செய்த பாவத்தின் காரணமாகக் காபிர் என்று கூறலாகாது என்ற கொள்கையாக, இமாம் அபூ ஹனிபாவின் பெயரால் வழங்கும் விசுவாசப் பிரமாணங்களில் இடம்பெற்று, பின்னர் சுன்னத் ஜமாஅத்தின் பொதுச் சொத்தாயிற்று. அதை மன்னருக்கு நிழல் தேடித்தரும் தந்திரம் என்று எவரும் எளிதில் சொல்லிவிட முடியாது. ஏனெனில் அபூ ஹனிபா கலீபா அளித்த நீதிபதிப் பதவியை மறுத்ததற்காகப் பாக்தாத் சிறையில் அடைக்கப்பட்டு, 767இல் காலமானார் என்றே பெரும்பாலான சரித்திர ஆசிரியர்கள் எழுதுகிறார்கள்.

இத்தனை பீடிகையும் ஒரு கலீபாவைப் பற்றிப் பேசுவதற்காகத்தான். 813 முதல் 833 வரை ஆண்ட அப்பாஸிய கலீபா மஃமூன், முஸ்லிம் மன்னர்களுக்குள் அறிவுலகம் மிகவும் கொண்டாடுகிற ஒருவர். கிரேக்கத்திலிருந்து அரிஸ்டாட்டிலும் யூக்ளிடும் அரபு மொழிக்கு வந்த பெருமுயற்சிக்கு அவர் புரவலர். அல்குவாரிஸ்மி தம் கணித நூலை அவருடைய ஆதரவில்தான் எழுதினார். பல சமயத்தாரும் பல பிரிவினரும் தம் எதிரில் அமர்ந்து வாதிட அனுமதித்து, தாமும் வாதித்து மகிழ்ந்தவர். இத்தகைய மனிதர்தாம் முஸ்லிம் சரித்திரத்தில் முதன்முதலாக, ஒரு தத்துவப் பிரச்சினையில் அரசாங்கத்தின் அபிப்பிராயத்தை ஏற்காதவர்களைச் சங்கிலியில் பிணைக்கும் விசாரணை மன்றத்தை நிறுவினார் என்பதை எண்ணும்போது, பகுத்தறிவும் சகிப்புத்தன்மையும் உடன்பிறந்தவை என்று நாம் சிரமமின்றி நம்பிவிடுவது எவ்வளவு அவசரமான காரியம் என்பது விளங்கும்.

பிரச்சினை இதுதான். குர்ஆன் இறைவனால் சிருஷ்டிக்கப்பட்டதா, அன்றி அவனைப் போலவே அநாதியானதா? பஸராவிலும் பாக்தாதிலும் செழித்திருந்த முஃதஸிலாக்கள் என்னும் தர்க்கவாதிகள், இறைவனைத் தவிர வேறொன்றையும் அநாதி என்று ஒப்புக்கொண்டால் ஏகத்துவம் பழுதுபடும் என்றார்கள். கிறிஸ்தவர்கள் இறைவனுடைய வார்த்தை அநாதி என்று தொடங்கி அந்த வார்த்தையையே தெய்வமாக்கிக்கொண்டதை அவர்கள் கண்முன் கண்டிருந்தார்கள். இதற்கு எதிர்த் தரப்பிலிருந்த ஹதீஸ் அறிஞர்கள், இறைவனுடைய வாக்கு அவனுடைய குணங்களில் ஒன்று, அது அவனுக்கு வேறான ஒரு பொருளன்று, ஆகவே அதைச் சிருஷ்டி என்பது இறைவனிடத்தில் ஒரு குறையைக் கற்பிப்பதாகும் என்றார்கள். இரண்டு தரப்பிலும் மெய்யான சமய உணர்ச்சி இருந்தது; இரண்டு தரப்பிலும் நேர்மையான புத்தி இருந்தது. நூறு ஆண்டுகள் பள்ளிவாசல் தூண்களின் அருகே அமர்ந்து வாதிட்டாலும் ஒருவருக்கும் தீங்கு நேர்ந்திராது.

மஃமூன் அப்படி விட்டுவிட விரும்பவில்லை. அவர் அரியணைக்கு வந்த வழி சாமானியமானதன்று. உடன்பிறந்தானாகிய அமீனோடு போரிட்டு, அவன் கொலையுண்ட பின் பட்டத்துக்கு வந்தவர். வந்தும் ஆறாண்டுகள் கழித்தே தலைநகரான பாக்தாதில் காலடி வைத்தார். கலீபா இல்லாத அந்த ஆண்டுகளில், கள்வரும் போக்கிரிகளும் சூறையாடிய நகரத்தில், நன்மையை ஏவித் தீமையைத் தடுக்கும் கடமை ஒவ்வொரு முஸ்லிமுக்கும் உரியது என்று கூறிக் குடிமக்களே தெருக்காவலை எடுத்துக்கொண்டார்கள். அரசன் இல்லாமலே மார்க்கம் நடக்கும் என்பதைக் கண்டுகொண்ட மக்கள் அவர்கள். ஹதீஸ் அறிஞர்களின் செல்வாக்கு அந்தத் தெருக்களில்தான் வேரூன்றியிருந்தது. மஃமூனோ இமாம் என்ற பட்டத்தையும் தமக்குச் சூட்டிக்கொண்டவர். மார்க்கத்தின் உண்மையை அறிந்து மக்களுக்கு எடுத்துரைக்கும் பொறுப்பு கலீபாவுடையது என்று மெய்யாகவே நம்பியவர். குர்ஆனைப் பற்றிய சூட்சுமம் அவருக்கு முக்கியந்தான் என்றாலும், அந்தச் சூட்சுமத்தைத் தீர்க்கும் ஆசனத்தில் யார் அமர்வது என்பது அதனினும் முக்கியமாயிருந்தது என்றே நாம் கருதுகிறோம்.

833இல் ரக்கா நகரிலிருந்து அவர் பாக்தாதின் ஆளுநர் இஸ்ஹாக் இப்னு இப்ராஹீமுக்கு ஓர் ஆணை விடுத்தார். காஜிகளை அழைத்துக் குர்ஆன் சிருஷ்டிக்கப்பட்டதே என்று ஒப்புக்கொள்ளச் செய்யவேண்டும். ஒப்பாத சாட்சியின் சாட்சியம் நீதிமன்றத்தில் செல்லாது. முதலில் ஹதீஸ் கலையில் பேர்பெற்ற எழுவர் ரக்காவுக்கே அழைக்கப்பட்டனர். நபித்தோழர்களின் வரலாறுகளைத் தொகுத்த இப்னு சஅத் அவர்களுள் ஒருவர். எழுவரும் இணங்கிவிட்டார்கள். பின்பு பாக்தாதில் நடந்த விசாரணையை வரலாற்றாசிரியர் தபரீ விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். ஒரு காஜி, குர்ஆன் இறைவனுடைய வாக்கு என்பதற்கு மேல் ஒரு சொல்லும் கூற மறுக்கிறார்; எல்லாப் பொருளையும் இறைவன்தானே சிருஷ்டித்தான் என்று வளைத்துக் கேட்டால் ஆம் என்கிறார்; குர்ஆன் ஒரு பொருள்தானே என்றால் அதற்கும் ஆம் என்கிறார்; ஆகவே அது சிருஷ்டிதானே என்றால், சிருஷ்டிகர்த்தா அல்ல என்கிறார். வயதில் மூத்த, கல்வியில் பெரிய மனிதர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாத்தியார் பிரம்புக்கு முன் நெளிவதைப் போல் நெளிந்த அந்தப் பக்கங்கள் வாசிக்க வேதனை தருபவை. மஃமூன் எழுதிய அடுத்த கடிதம் அதைவிட மோசம். இணங்காதவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் குறித்து, இவன் பேராசைக்காரன், இவன் நேர்மையற்றவன் என்று அவர்கள் ஒழுக்கத்தை இழித்துரைத்து, கடைசி வரையில் பிடிவாதம் செய்பவரைச் சங்கிலியில் பூட்டித் தம் பாசறைக்கு அனுப்புமாறு கட்டளையிட்டார் அந்தத் தத்துவப்பிரியர்.

இறுதியில் இணங்காமல் நின்றவர்கள் இருவரே. இமாம் அஹ்மத் இப்னு ஹன்பலும், இளைஞரான முஹம்மத் இப்னு நூஹும் விலங்குகளுடன், கலீபாவின் பாசறையிருந்த தர்ஸூஸை நோக்கி அனுப்பப்பட்டார்கள். அவர்கள் போய்ச் சேருமுன் மஃமூன் காலமானார். திரும்பும் வழியில் இப்னு நூஹும் காலமானார். ஆனால் கலீபா தம் பின்வந்தவர்க்கு இந்தக் கொள்கையை மரண சாசனமாகவே விட்டுச்சென்றிருந்தார். அவருக்குப் பின் பட்டத்துக்கு வந்த முஃதஸிம் ஒரு போர்வீரர்; தர்க்க சாஸ்திரத்தில் அவருக்கு ருசியில்லை. ஆயினும் தலைமைக் காஜியான இப்னு அபீ துஆதின் ஆலோசனை அருகில் இருந்தது. சிறையிலிருந்த அஹ்மத் கொண்டுவரப்பட்டுச் சபையில் விசாரிக்கப்பட்டார். இறைவனுடைய வேதத்திலிருந்தோ நபிவழியிலிருந்தோ ஓர் ஆதாரம் காட்டினால் நானும் அவ்வாறே கூறுவேன் என்பதற்கு அப்பால் அவர் ஒரு வாதமும் செய்யவில்லை. சவுக்கடி விழுந்தது, உணர்விழந்து வீழ்ந்தார், விடுவிக்கப்பட்டார்.

அஹ்மதை இக்காலத்து அர்த்தத்தில் சிந்தனைச் சுதந்திரத்தின் வீரராக்கிவிட முயல்வது தவறு. அவர் எதிரிகளுடைய கொள்கையைச் சகித்துக்கொள்ளும் சுபாவம் படைத்தவர் அல்லர். விசாரணையில் அச்சத்தால் இணங்கிய பழைய நண்பர்களோடு பேசுவதைக்கூட அவர் நிறுத்திக்கொண்டதாகச் சொல்வார்கள். ஆனால் அரசுக்கு எதிராக அவர் கலகம் செய்யவும் மறுத்தார் என்பதைக் கவனிக்கவேண்டும். வரி கேள், தருகிறேன். உன் பின்னால் நின்று தொழச் சொல், தொழுகிறேன். நான் எதை நம்பவேண்டும் என்று மட்டும் நீ சொல்லாதே என்பதே அவருடைய நடத்தையின் பொருள். ராஜ்யத்தின் எல்லை எங்கே முடிகிறது என்பதற்கு இதைக் காட்டிலும் தெளிவான கோடு பிற்காலத்து அரசியல் சாஸ்திரிகளும் கிழிக்கவில்லை.

முஃதஸிமின் மகன் வாஸிக் காலத்தில் இந்தப் பைத்தியம் உச்சத்தை எட்டியது. 845இல் ரோமானியச் சக்கரவர்த்தியோடு யுத்தக் கைதிகளைப் பரிமாறிக்கொண்டபோது, ஆண்டுக்கணக்கில் பகைநாட்டுச் சிறையில் வாடிய முஸ்லிம்களை ஆற்றங்கரையில் நிறுத்தி, குர்ஆன் சிருஷ்டியா என்று கேட்டு, ஆம் என்றவரை மாத்திரம் மீட்டார்கள். மறுத்தவரை எதிரியிடமே விட்டுவிட்டார்கள். மறு ஆண்டு பாக்தாதில் அஹ்மத் இப்னு நஸ்ர் என்பவர் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டதாகப் பிடிபட்டார். ராஜத்துரோகக் குற்றம் கையிலேயே இருந்தது. கலீபாவோ அதைப் பற்றி ஒன்றும் கேளாமல், குர்ஆனைப் பற்றிக் கேட்டார். விடை திருப்தியளிக்காததால் தம் கையாலேயே வாளை வீசினார். ஒரு ராஜ்யம் தன் உயிருக்கு உலை வைப்பவனைக்கூட அந்தக் குற்றத்துக்காகத் தண்டிக்க மறந்து, அவன் ஈமானின் சூத்திரத்தைத் திருத்தப் புகுவது விபரீதத்தின் எல்லை. அதே 846ஆம் ஆண்டில், இமாம் ஷாபியின் பிரதம மாணவரான புவைதீ, எகிப்திலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டவர், பாக்தாத் சிறையிலேயே உயிர்நீத்தார். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இன்று ஷாபி மத்ஹபைப் பின்பற்றித் தொழுகிறவர்கள், அந்த மத்ஹபின் முதல் தலைமுறையிலேயே ஒரு முஸ்லிம் அரசின் சிறைக்கூடம் குறுக்கிட்டது என்பதை அறிவது நல்லது.

847இல் பட்டத்துக்கு வந்த முதவக்கில் இந்த விசாரணையைப் படிப்படியாக நிறுத்தினார். ஹதீஸ் அறிஞர்கள் விடுதலை பெற்றார்கள். இப்னு அபீ துஆதின் குடும்பம் பதவியையும் சொத்தையும் இழந்தது. 855இல் இமாம் அஹ்மத் மறைந்தபோது அவருடைய ஜனாஸாவுக்குப் பாக்தாத் நகரமே திரண்டது. கதை இவ்விடத்தில் முடிந்திருந்தால், அநியாயம் தோற்று நியாயம் வென்றது என்று நாம் புத்தகத்தை மூடிவிடலாம். ஆனால் சோதனை செய்யும் ஆசனத்தை முதவக்கில் உடைக்கவில்லை. கிறிஸ்தவரும் யூதரும் தனி அடையாளம் தைத்த உடையை அணிய வேண்டுமென்று விதித்தார். கர்பலாவில் இமாம் ஹுசைனின் அடக்கத் தலத்தை இடித்து நிலத்தை உழச் செய்தார், யாத்திரிகர்களைத் தடுத்தார். முன்பு முஃதஸிலாக்களுக்குப் பணி செய்த வாள் இப்போது அவர்களுடைய எதிரிகளுக்குப் பணி செய்தது, அவ்வளவே வித்தியாசம். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலீபா காதிர், முஃதஸிலாச் சார்புள்ள ஹனபி அறிஞர்களை அழைத்துத் தங்கள் கொள்கையைக் கைவிட்டதாக எழுதிக் கொடுக்கச் செய்தார். குர்ஆன் சிருஷ்டியல்ல என்பதே இப்போது அரசாங்கக் கொள்கை. 1501இல் தப்ரீஸில் முடிசூடிய ஷா இஸ்மாயீல் ஈரானை ஷியா நாடாக்கியபோது சுன்னிகள் துன்புற்றார்கள். எதிரே துருக்கிய சுல்தான் சலீம் தம் நாட்டில் ஷாவின் ஆதரவாளரான கிஸில்பாஷ்களை வேட்டையாடினார்.

இதையெல்லாம் படிப்பவர் மனத்தில், இவை அரசர் காலத்துக் கொடுமைகள், சட்டமும் சட்டசபையும் வந்தபின் இவற்றுக்கு இடமேது என்ற எண்ணம் எழக்கூடும். அதனால் நம் காலத்துக்கு வருவோம்.

பாகிஸ்தானின் அரசியல் நிர்ணய சபை 1949 மார்ச்சில் லட்சியத் தீர்மானத்தை நிறைவேற்றி, குர்ஆனும் சுன்னத்தும் காட்டும் வழியில் முஸ்லிம்கள் வாழ வகைசெய்வது அரசின் கடமை என்று ஏற்றது. நான்கு ஆண்டுகளுக்குள், மிர்ஸா குலாம் அகமதைப் பின்பற்றும் அகமதியரை முஸ்லிமல்லாத சிறுபான்மையினராக அறிவிக்க வேண்டும், அந்தப் பிரிவைச் சேர்ந்த வெளிநாட்டமைச்சர் ஜபருல்லா கானை நீக்கவேண்டும் என்று உலமாக்கள் பிரதமரிடம் கோரினார்கள். பிரதமர் மறுத்தார், பஞ்சாபில் கலகம் மூண்டது, 1953 மார்ச் 6ஆம் தேதி லாகூரில் ராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. 833இல் நடந்ததற்கும் இதற்கும் உள்ள வேற்றுமை கூர்ந்து நோக்கத்தக்கது. அன்று அரசு அறிஞர்களை மிரட்டித் தன் கொள்கையை ஏற்கச் சொன்னது. அறிஞர்கள் அடிபட்டு, சிறையிருந்து, மார்க்கத்தின் பொருளைக் கூறும் உரிமை கலீபாவினுடையதன்று என்று நிலைநாட்டினார்கள். 1953இல் அந்த அறிஞர்களின் வாரிசுகளே, தங்கள் முன்னோர் முதுகுத்தோலை விலையாகக் கொடுத்துப் பெற்ற அந்த உரிமையை ஏந்திக்கொண்டு அரசின் வாசலில் நின்றார்கள்.

கலகத்தை விசாரித்த நீதிபதிகள் முனீரும் கயானியும் 1954இல் வெளியிட்ட அறிக்கை, உபகண்டத்தில் எழுதப்பட்ட நீதிமன்ற ஆவணங்களில் ஒரு விசேஷமான இடம் பெறுவது. ஒருவரைக் காபிர் என்று அறிவிக்கவேண்டுமானால் முதலில் முஸ்லிம் யார் என்று தெரியவேண்டுமல்லவா என்று கருதி, சாட்சி சொல்ல வந்த உலமாக்கள் ஒவ்வொருவரிடமும் நீதிபதிகள் அதற்கு இலக்கணம் கேட்டார்கள். இருவர் விடையாவது ஒத்திருக்கவில்லை என்று அறிக்கை கூறுகிறது. ஒருவருடைய இலக்கணத்தை ஏற்றால் மற்ற எல்லாரும் மார்க்கத்துக்கு வெளியே நிற்பார்கள் என்றும் அது சுட்டிக்காட்டுகிறது. அந்த அறிஞர்களுக்காகவும் ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். அவர்கள் அறியாமையால் தடுமாறவில்லை. தேவபந்தியும் பரேல்வியும் ஷியாவும் அஹ்லே ஹதீஸும் சேர்ந்து நிற்கும் அளவுக்கு விசாலமான இலக்கணம் அகமதியரையும் உள்ளே விட்டுவிடும். அகமதியரை வெளியேற்றும் அளவுக்குக் குறுகிய இலக்கணம் பக்கத்தில் நிற்கும் தோழரையும் உராய்ந்துவிடும் அபாயம் இருந்தது. தர்க்கத்தில் இதற்கு வழியில்லை. நபித்துவம் முஹம்மத் நபியவர்களோடு முற்றுப்பெற்றது என்ற விசுவாசத்தை அகமதியர் பங்கப்படுத்துகிறார்கள், ஆகவே கிப்லாவைச் சுட்டும் அபூ ஹனிபாவின் கொள்கை அவர்களுக்குப் பொருந்தாது என்று உலமாக்கள் கூறுவதற்கு மார்க்க நூல்களில் ஆதாரம் உண்டு. அந்த விவாதத்தில் தீர்ப்புக் கூற நமக்கு அதிகாரமில்லை. சட்டசபைக்கு இருக்கிறதா என்பதுதான் நம் கேள்வி.

இருக்கிறது என்று 1974இல் பாகிஸ்தான் முடிவு செய்தது. தேர்தலில் வாக்குப் பெற்று வந்த வக்கீல்களும் ஜமீன்தார்களும் நிறைந்த தேசிய சபை, மூடிய கதவுகளுக்குப் பின்னால் அகமதியத் தலைவரைப் பல நாட்கள் விசாரித்து, செப்டம்பர் 7ஆம் தேதி இரண்டாவது அரசியல் சட்டத் திருத்தத்தின் மூலம் அவர்களை முஸ்லிமல்லாதோர் ஆக்கிற்று. அதைச் செய்த பிரதமர் பூட்டோ பக்தியால் செய்தார் என்று அவருடைய நண்பர்களும் சொல்லவில்லை. 1984இல் ராணுவ ஆட்சியாளர் ஜியாவுல் ஹக் பிறப்பித்த அவசரச் சட்டம், அகமதியர் தங்கள் தொழுமிடத்தைப் பள்ளிவாசல் என்று அழைத்தாலும், பாங்கு சொன்னாலும் மூன்று ஆண்டு வரை சிறை என்றது. இதற்கிடையில் 1980இல் ஜகாத்தை வங்கிக் கணக்குகளிலிருந்து அரசே பிடித்துக்கொள்ளும் சட்டம் வந்தபோது, தங்கள் மத்ஹபில் ஜகாத்தின் விதிகள் வேறு என்று ஷியாக்கள் ஜூலையில் ஆயிரமாயிரமாக இஸ்லாமாபாதில் திரண்டு விலக்குப் பெற்றார்கள். யாருடைய ஷரீஅத் என்று கேட்காமல் ஷரீஅத்தை அமலாக்க முடியாது என்பதை அந்த ஒரு ஜூலை மாதமே ஆட்சியாளருக்குக் காட்டியிருக்கவேண்டும். காட்டவில்லை. 1985இல் ஜங் நகரத்தில் தோன்றிய சிபாஹே சஹாபா என்னும் இயக்கம், அடுத்தபடியாக ஷியாக்களையும் முஸ்லிமல்லாதோர் என்று அறிவிக்கச் சொல்லிற்று. பட்டியல் ஒன்று திறக்கப்பட்டுவிட்டால் அதில் அடுத்த பெயரை எழுத ஆள் கிடைக்காமல் போவதில்லை.

நல்லெண்ணத்தோடு தயாரித்த பட்டியலும் உண்டு. 2005இல் ஜோர்தான் மன்னர் அம்மானில் கூட்டிய அறிஞர் மகாநாடு, சுன்னத் ஜமாஅத்தின் நான்கு மத்ஹபுகளோடு ஷியாக்களின் ஜஅபரீ, ஜைதீ மத்ஹபுகளையும், இபாளீ, ளாஹிரீ மத்ஹபுகளையும் அங்கீகரித்து, இவற்றைப் பின்பற்றுவோரைக் காபிர் என்பதைக் கண்டித்தது. இரத்தம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் இது பாராட்டத்தக்க காரியம். இருந்தும், எட்டு என்று எண்ணிக் கூறும் அதிகாரத்தை ஒரு மன்னரின் மண்டபத்தில் வைத்துக்கொண்டால், ஒன்பதாவது ஒருவன் வந்து கதவைத் தட்டும்போது யாரிடம் கேட்பது என்ற ஐயம் நமக்குத் தீரவில்லை.

பாகிஸ்தானில் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும் முஸ்லிம் பிரஜை, குலாம் அகமதைப் போலி நபி என்று கூறும் வாசகத்தின் கீழ்க் கையொப்பமிட வேண்டும் என்ற விதி ஏற்பட்டது. கையொப்பமிடுபவர்களில் மிகப் பெரும்பாலோர் மனமாரவே இடுகிறார்கள் என்பதில் சந்தேகமில்லை. மஃமூனின் முதல் ஆணை காஜிகளையும் சாட்சிகளையும்தான் விசாரிக்கச் சொன்னது. இந்த விண்ணப்பத்தாள் ஹஜ்ஜுக்குப் புறப்படும் ஏழை விவசாயியையும் விசாரிக்கிறது.